ஆள் வராத சீர்

அஜ்மான்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அகிலா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குவைத்தில் வெயில் இறங்கியதா? இங்கே இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தக் காலத்தில் ஒருத்தி காகிதத்தில் எழுதி, அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறாளே என்று ஃபர்வானியாவில் உன் ரூம்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன் ரூமில் எட்டுப் பேர். என் வீடோ ஒற்றை அறை. உன் பெயரை எடுத்தாலே ராதிகாவின் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். பிறகு எங்கே போனில் பேசுவது? பள்ளிக்கூடப் பஸ்ஸில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றும் வரை காலி சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் ஆயா வேலையில் எனக்கிருக்கும் ஒரே சுகம் இதுதான்.

ராதிகா இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாள். ஃபீஸைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவருடைய சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்த்து, இந்தக் குடும்பத்தால் இவ்வளவுதான் முடியும் என்று அவர்களே கணக்குப் போட்டு, மீதியை உதவியாகத் தந்துவிட்டார்கள். எங்கள் பங்குக்கு அவர் வரும் மாதங்களின் தேதி போட்டு செக்குகள் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தேதியும் நெருங்கும்போது இந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இன்னொரு சேதி. நம் பக்கத்து ஆட்களின் வைகைச் சீமை நலச் சங்கம் இருக்கிறதே, அதன் செயலாளர் அருள்முருகன் போன் செய்தார். இந்த வருஷம் புதிதாக ஓர் உதவித்தொகையாம், இருபதாயிரம் திர்ஹம். நாங்கள் விண்ணப்பமே போடவில்லை. “தங்கச்சி, பாப்பாவோட மார்க் ஷீட்ட மட்டும் அனுப்பி விடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்றார். அவர் முன்பு குவைத்தில் இருந்தவர், உனக்குப் பழக்கம். நீ ஏதும் சொல்லி வைத்தாயா?

பொங்கலுக்கு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவாய் என்று சரசு அண்ணி சந்தோஷமாகச் சொன்னார். கடை வைக்க இடம் பார்த்தாயிற்றா?

அன்புடன்,
அகிலா


ஃபர்வானியா
20 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சி அகிலாவுக்கு,

அண்ணன் பாண்டித்துரை எழுதுவது. நான் நலம். முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். ஏ.சி. வேலையில் ஏணி ஏறாமல் முடியுமா?

ராதிகா சேர்ந்த சேதியை ரூமில் எல்லோருக்கும் சொன்னேன். மலபார்க்காரர் ஒருவர் பாயசம் வைத்தார்.

சங்கத்து விஷயம் எனக்குத் தெரியாது. நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத் தேடிக் கொடுக்கிறார்கள், அதில் என்ன ஆச்சரியம்? மாப்பிள்ளை என்ன சொன்னார்? வாங்கிக்கொள்வார் அல்லவா? மேடையில் வைத்துத்தான் கொடுப்பார்களாம். அன்றைக்கு டியூட்டி என்று சொல்லி அவர் வராமல் இருந்துவிடப் போகிறார், நீதான் எப்படியாவது அழைத்துப் போக வேண்டும். அப்பாவும் மகளும் சேர்ந்து வாங்க வேண்டும்.

அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, இதை எத்தனை முறை எழுதுவேன்? ராதிகா சடங்குக்கு நான் வரவில்லை. விசா கொடுத்த முதலாளி, அந்தக் கஃபீல், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டான் என்பது எனக்கும் உனக்கும் தெரியும், பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியுமா? தாய்மாமன் நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் சரசு கையில் சீர்த்தட்டுகளைக் கொடுத்தனுப்பினேன். “ஆள் வராத சீர் என் வாசல்ல ஏறக் கூடாது” என்று அவர் திருப்பி அனுப்பினார். ஊர் வாய் அவரை அப்படிப் பேச வைத்தது. ஆறு வருஷம் ஆகிவிட்டது. விடு.

பொங்கல் பற்றிப் பிறகு எழுதுகிறேன். விழா எந்தத் தேதி?

அண்ணன்
பாண்டித்துரை


அஜ்மான்
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

விழா முடிந்தது. பர் துபாயில் ஒரு ஓட்டலின் மேல்மாடி ஹால். குத்துவிளக்கு, பட்டுச்சேலைக் கூட்டம், காது கிழியும் மைக், எல்லாம் நம் ஊர்க் கல்யாணம் மாதிரியே. அவர் வரமாட்டார் என்று நீ பயந்தாய். அவரோ புதுச்சட்டை எடுத்துக்கொண்டு வந்தார்! சைட்டில் லீவு கேட்டதையே என்னிடம் சொல்லவில்லை.

ராதிகாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அருள்முருகன் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார், அவளுக்கு ஷீல்டு கொடுத்தார். அவர் மகளோடு சேர்ந்து ஷீல்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், படம் எடுத்து முடித்த பிறகும் விடவில்லை. “யப்பா, எறங்குங்க, அடுத்த ஆளு நிக்கிறாங்க” என்று ராதிகாதான் இறக்கிக் கூட்டி வந்தாள்.

வரும் வழியெல்லாம் ஒரே பேச்சு. “ஒருத்தன் தயவும் இல்லாம எம்புள்ள வாங்குனது.” இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

ஷீல்டு டிவிக்கு மேலே ஏறிவிட்டது. கீழ் வரியில், ‘வழங்குபவர்: பெயர் வெளியிட விரும்பாத அன்பர்’ என்று பொறித்திருக்கிறது. யாரோ பெரிய கை. நன்றாக இருக்கட்டும். பணத்தை எங்கள் கையில் தரவில்லை, சங்கமே கல்லூரிக்கு நேராகச் செக் அனுப்பிவிட்டது.

இந்தப் பணம் போக எங்கள் செக்குகளில் இரண்டு குறையும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அப்படிக் குறைந்தால் ராதிகாவுக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்கலாம். இப்போது இருப்பது அடிக்கடி மூச்சு விடாமல் நின்றுவிடுகிறது.

அன்புடன்,
அகிலா


ஃபர்வானியா
19 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் காகிதத்தை மூன்று தடவை படித்தேன்.

மேடைப் படத்தை அனுப்பு. ஒன்று போதாது, இருப்பதை எல்லாம் அனுப்பு. ராதிகா சேலையா, சுடிதாரா? என்ன நிறம்? தலையில் பூ வைத்திருந்தாளா? மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கினார் என்று எழுதியிருக்கிறாய். நிஜமாகவே இரண்டு கையாலுமா?

முகத்தில் சந்தோஷம் தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் அதை முதலில் அனுப்பு.

அண்ணன்
பாண்டித்துரை


அஜ்மான்
19 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு சுகம்தான், மனசுதான் கொதிக்கிறது.

கல்லூரியிலிருந்து ராதிகாவுக்கு மெயில் வந்தது. அடுத்த டெர்ம் உதவியைக் குறைத்துவிட்டார்களாம். எவ்வளவு? சங்கம் கொடுத்த இருபதாயிரமேதான். படித்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நான் பஸ் டியூட்டியை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன்.

உதவித்தொகைப் பிரிவில் ஃபஸ்னா என்று ஒரு பெண். இலங்கைப் பிள்ளை. நல்லவேளை, தமிழில் பேசினாள். “பிழை ஒண்டும் இல்ல அக்கா. உங்கட பிள்ளைக்கு எவ்வளவு குறையுதோ அதைத்தான் நாங்க நிரப்புறது. வேற ஆக்கள் வந்து நிரப்பினா எங்கட பங்கு குறையும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்” என்றாள். அப்படியானால் எங்கள் செக்? “அது உங்கட குடும்பத்தால ஏலும் எண்டு போட்ட கணக்கு. அது அப்படியே இருக்கும்.”

புரிகிறதா அண்ணே? ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் இறைத்துவிடுகிறார்கள், குடத்தில் தண்ணீர் அதே அளவு. மேடை, மாலை, மைக், அத்தனைக்கும் பிறகு எங்கள் செக்கில் ஒரு திர்ஹம் குறையவில்லை. லேப்டாப்பும் இல்லை. அந்த அன்பர் யாரோ, அவர் பணம் ராதிகாவுக்கு வரவில்லை, கல்லூரிக்குத்தான் போயிருக்கிறது.

இதைவிடப் பெரிய பயம் வேறு. சங்கத்துப் பணம் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் கல்லூரி பழையபடி கொடுக்குமா என்று கேட்டேன். “வருஷா வருஷம் புதுசாப் பாக்கிறதுதான் அக்கா, இப்ப வாக்குக் குடுக்க ஏலாது” என்கிறாள். கொடுக்காமல் போனால் ராதிகா பாதியில் நிற்பாள். 

அவர் இன்னும் செக் குறையும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஷீல்டைத் தினமும் துடைக்கிறார்.

அன்புடன்,
அகிலா


ஃபர்வானியா
20 டிசம்பர் 2024

அகிலாவுக்கு,

உன் காகிதம் பார்த்தேன். இது எப்படி நியாயம்? இன்னொரு முறை போய்க் கேள். அது உதவித்தொகை இல்லை, முறைக்கு வந்த பணம் என்று சொல். பிள்ளைக்கென்று கொடுத்தது பிள்ளைக்குத்தானே போக வேண்டும்? நடுவில் இவர்கள் யார்? அந்தப் பெண்ணுக்கு மேலே அதிகாரி யாரும் இல்லையா?

இன்று வேலையில் கவனம் இல்லை. ஸ்குரூ டிரைவரை மேலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். உடனே கேட்டுவிட்டு எழுது.

பாண்டித்துரை


அஜ்மான்
16 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் வாழ்த்து. குக்கரில் பொங்கல் வைத்தோம், விசிலைப் பார்த்து ராதிகா “பொங்கலோ பொங்கல்” என்றாள். நீ ஊரில் கரும்பு கடித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன், ஆனால் உன் நம்பர் இன்னும் குவைத் நம்பராகவே இருக்கிறது. என்ன ஆயிற்று?

நீ சொன்னபடி மறுபடி போய்க் கேட்டேன். அவளுடைய அதிகாரியையும் பார்த்தேன். சட்டம் சட்டம்தானாம். ஆனால் ஒரு வழி சொன்னார்கள். மார்ச் முடிவதற்குள் சங்கம் தன் உதவித்தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், கல்லூரி தன் பங்கைப் பழையபடி கொடுத்துவிடும், அடுத்த வருஷமும் அதையே வைத்துப் பார்க்கும். அதற்குப் பிள்ளையின் அப்பா வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும், பணம் கொடுத்தவரும் சம்மதிக்க வேண்டும்.

அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டுக் குதித்தார். “மேடையில வாங்குனதத் திருப்பிக் குடுக்கவா? நாளைக்கு எவன் மூஞ்சியில முழிப்பேன்? காசு எங்கிட்டுப் போனாலும் போவட்டும், எம்மக பேருல வந்தது வந்ததுதான்.” பணம் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் போகிறது என்று தெரிந்தும் விடமாட்டேன் என்கிறார். என்ன வீம்பு இது?

ஆகவே அந்த அன்பரைத்தான் பிடிக்க வேண்டும். அவர் நேரில் ஒரு வார்த்தை சொன்னால் இவர் மறுக்க மாட்டார். அருள்முருகனைக் கேட்டேன். “பேரு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காரு தங்கச்சி. குவைத்து ஆளு, அம்புட்டுத்தான் சொல்லலாம்” என்று வழுக்கினார். குவைத்தில் உனக்குத் தெரியாத நம் பக்கத்து ஆள் உண்டா? விசாரித்துப் பெயரை வாங்கித் தா. காலில் விழுந்தாவது கேட்கிறேன்.

அன்புடன்,
அகிலா


அஜ்மான்
8 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நீ பதில் எழுதமாட்டாய்.

வாட்ஸப்பில் நீலக் கோடு இரண்டு விழுந்திருக்கிறது, போன காகிதத்தைப் படித்திருக்கிறாய். தினமும் பஸ்ஸில் ஏறியதும் போனைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் நேற்றுச் சரசு அண்ணிக்குப் போன் செய்தேன். அவர் என்னைக் கேட்கிறார்:

“ஏன் அகிலா, ஒங்கண்ணன் மறுபடி ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாராமே? பொங்கலுக்கு வாரேன்னு சொன்னாரேன்னு நான் வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். கட வைக்கச் சேத்த காசு எங்கன்னு கேட்டா, அது ராதிகா படிப்புல பத்திரமா இருக்குங்கிறாரு. ஒங்க வீட்டுக்குத்தான் அவரு காசு ஆகாதே, என்னத்தா நடக்குது?”

பஸ்ஸில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

குவைத்து ஆளு. பெயர் சொல்லக் கூடாது. இரண்டு கையாலும் வாங்கினாரா. முறைக்கு வந்த பணம். நான் எவ்வளவு பெரிய முட்டாள்! உன்னையே உன்னைத் தேடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தாய்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் ஏணி ஏறுவாயா? அண்ணி அங்கே வெள்ளையடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீ இங்கே ஊர் பேர் தெரியாத அன்பர்! எனக்கு உன் மேல் வருகிற கோபத்துக்குக் குவைத்துக்கே வந்து நாலு கேள்வி கேட்பேன். அழுகையும் வருகிறது.

நீயே அருள்முருகனிடம் சொல். பணத்தைத் திரும்ப வாங்கு. ராதிகாவின் அப்பாவிடம் நான் சொல்கிறேன்.

அகிலா


ஃபர்வானியா
10 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி அகிலாவுக்கு,

நான் நலம். நீ அழாதே, பஸ்ஸில் பிள்ளைகள் பார்க்கும்.

ஆமாம், நான்தான். சரசு வாயில் எதுவும் நிற்காது என்று தெரிந்தும் சொன்னேன் பார்.

கையில் கொடுத்தால் மாப்பிள்ளை வாங்கமாட்டார். உனக்கு ரகசியமாகத் தந்து, அது அவருக்குத் தெரிந்துபோனால் உன் பாடு திண்டாட்டம். சங்கம் கொடுத்தால் வாங்குவார் அல்லவா? அருள்முருகனுக்கும் இது நல்ல யோசனையாகப் பட்டது. தட்டு, பழம், பட்டு இருந்த இடத்தில் ஷீல்டு, பொன்னாடை, மைக். என் மனசுக்கு அது சீராகத்தான் இருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கிய படத்தை என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். நடுவில் கல்லூரி என்று ஒன்று கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று எனக்கோ அருள்முருகனுக்கோ தெரியவில்லை. சீர் கொண்டு போனால் பெண்ணுக்குப் போகும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லாதே. என் பணம் என்று தெரிந்தால் அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போட்டு முகத்தில் எறிவார். ஒருமுறை வாசலில் திரும்பியது. அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சரசு தெருவில் நடந்து வந்தாள். இன்னொரு முறை திரும்பினால் என்னால் தாங்க முடியாது, அகிலா. பணம் போனால் போகட்டும். அந்தக் கல்லூரியில் ராதிகா மாதிரி வேறு ஒரு பிள்ளைக்குப் போயிருக்கும், அவளுக்கும் ஒரு தாய்மாமன் இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வருஷத்துக்கு ஏதாவது வழி பிறக்கும். இரண்டு வருஷம் எனக்குப் பெரிதில்லை.

அவர் வாங்கினார். அது போதும்.

அண்ணன்
பாண்டித்துரை


அஜ்மான்
12 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. காலையில் சொல்லிவிடலாம் என்று தோன்றும், சாயங்காலம் வேண்டாம் என்று தோன்றும். நோன்பு மாதம் பிறந்துவிட்டது, பள்ளிக்கூடம் சீக்கிரம் விடுகிறது, பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கக்கூட நேரமில்லை.

மார்ச் முடிந்தால் வழி அடைபடும். அப்படி அடைபட்டால் உன் இரண்டு வருஷம் போகும், ராதிகாவின் அடுத்த வருஷமும் தொங்கலில் நிற்கும். உன் மானத்தைக் காப்பதா, மற்ற எல்லாவற்றையும் காப்பதா? நான் யாரிடம் கேட்பேன்?

நேற்று அவர் ஷீல்டைத் துடைத்துக்கொண்டே, “இந்த அன்பரு யாருன்னு தெரிஞ்சா ஒரு நா நேருல போயி கும்புட்டுட்டு வரணும் அகிலா” என்றார். என்னால் அதற்குமேல் முடியவில்லை. நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லிவிட்டேன். கடை வைக்க நீ சேர்த்ததையும், மறுபடி கையெழுத்துப் போட்டதையும், கட்டிலுக்கு மேலே ஒட்டிய படத்தையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தேன். கத்தவில்லை. துடைக்கும் துணியை மடித்து வைத்தார். ஷீல்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று கேட்டேன். “அருள்முருகன்ட்ட” என்றார், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது கையில் பையும் இல்லை, ஷீல்டும் இல்லை. நேராகப் படுத்துவிட்டார். இன்று விடியும் முன்பே சைட்டுக்குப் போய்விட்டார்.

எறிந்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. நீ பயந்தது நடந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு அண்ணே. 

அகிலா


அஜ்மான்
15 மார்ச் 2025

மச்சானுக்கு,

பன்னீர்செல்வம் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, சைட் ரிப்போர்ட் எழுதுவதோடு சரி. இங்கே சுகம். உங்கள் முழங்கால் பற்றி அகிலா சொன்னாள். டிவியை அணைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அகிலா சொன்ன அன்று எனக்கு வந்தது கோபம்தான். என்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி முட்டாளாக்கிவிட்டார்கள் என்று இருந்தது. ஷீல்டை அருள்முருகன் மேசையில் போட்டுவிட்டு வருவது என்று பஸ் ஏறினேன். மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பாகிஸ்தான் பட்டான், வயதானவன். பையை எட்டிப் பார்த்துவிட்டு, “மாஷா அல்லா, கிஸ்னே தியா பாய்?” என்று கேட்டான். யார் கொடுத்தது என்கிறான்.  “மேரி பேட்டி கா மாமா”, என் மகளின் தாய்மாமன் என்று வாயில் வந்துவிட்டது. அவன் ஷீல்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு துபாய் வரும் வரை என்னால் உட்கார முடியவில்லை.

சீர்த்தட்டுகளைச் சரசு அக்கா தூக்கிக்கொண்டு போனதை அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பணம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடமும் சம்மதம் கேட்டு அருள்முருகன் பேசுவார், மறுக்காமல் சரி என்று சொல்லுங்கள். கல்லூரி தன் பங்கைப் பழையபடி கொடுத்துவிடும், அந்த இலங்கைப் பெண்ணிடம் நானே போய்க் கேட்டுவிட்டேன். காசு உங்கள் கைக்கு வந்ததும் கம்பெனியில் அந்த இரண்டு வருஷ ஒப்பந்தத்தைக் கேன்சல் செய்யப் பேசுங்கள். கடையை வையுங்கள். இங்கே ஒரு திர்ஹமும் அனுப்ப வேண்டாம். செக்குகளை நான் கட்டிக்கொள்வேன், அது தகப்பன் வேலை.

பணத்தைத் திருப்பினால் ஷீல்டையும் திருப்ப வேண்டும், அதுதான் முறை என்றார் அருள்முருகன். காசு என் மச்சானுக்கு, ஷீல்டு எனக்கு என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்து மீனா பஜாருக்குப் போய்ப் பெயர் பொறிக்கிற கடையில் கொடுத்தேன். கீழே ‘பெயர் வெளியிட விரும்பாத அன்பர்’ என்று இருக்கிறதே, அந்தத் தகட்டை எடுத்துவிட்டு ‘தாய்மாமன் பாண்டித்துரை’ என்று போடச் சொன்னேன். நோன்பு நேரம், மெதுவாகத்தான் செய்கிறார்கள். இன்றுதான் வாங்கி வந்தேன். அகிலா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள், இன்னும் வரவில்லை.

ஆள் வராத சீர் என் வாசலில் ஏறக் கூடாது என்று அன்று சொன்னேன். அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே ஆள் வர வேண்டும். ஊருக்குப் போகும் வழியில் இங்கே இறங்குங்கள், விசிட் விசாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். டிவிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் ராதிகா விழுந்து கும்பிடுவாள்.

வெறுங்கையோடு வாருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
பன்னீர்செல்வம்